பிடித்தமும் உய்த்துணர்வும்

ஆங்கில மொழியில் ‘டிடக்ஷன்’ என்பது ஒரு சொல். அதற்குப் பொருள் பல. அளவை நூல் கற்பிக்கும் ஆசிரியர் அச்சொல்லை எடுத்தாளும்போது, ஏற்றுக்கொண்ட கூற்றுகளிலிருந்து பிறழாத முடிவு ஒன்றைப் பெறும் முறையைக் குறிக்கிறார். தோட்டத்து அலுவலகத்தில் அமர்ந்திருந்த கிராணியார் அதே சொல்லை எடுத்தாண்டபோது, பாட்டாளியின் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படும் தொகையைக் குறித்தார். முன்னதை நாம் உய்த்துணர்தல் என்கிறோம். பின்னதைப் பிடித்தம் என்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே வீட்டில் குடியிருக்கும் இவ்விரு பொருள்களும் தமிழில் தனித்தனி வீடுகளில் வாழ்கின்றன.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. இலத்தீன் மொழியில் ‘டெடூகெரே’ என்னும் வினைக்கு ஓரிடத்திலிருந்து நடத்திச் செல்லுதல், இறக்கிக் கொணர்தல் என்பன பொருள். கூற்றுகளிலிருந்து முடிவை நடத்திக் கொணர்ந்தால் அது தருக்கம். ஒரு தொகையிலிருந்து அதன் பகுதியை நடத்திச் சென்றுவிட்டால் அது கழிவு. நம் சொல்லும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. உய்த்தல் என்றால் செலுத்துதல், கொண்டு சேர்த்தல். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்திற்கு அறிவைச் செலுத்தி உணர்வதே உய்த்துணர்தல்.

இச்சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. மலாக்கா மாநிலத்துத் தமிழர் வரலாற்றில் இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. தம் சம்பளத்தில் செய்யப்பட்ட பிடித்தம் முறையானதா என்பதைத் தொழிலாளர் அறிய வேண்டுமானால், அதனை அவர் உய்த்துணர இயல வேண்டும். உய்த்துணர வேண்டுமானால், முடிவுக்கு அடிப்படையான கூற்றுகள் அவர் கைக்கு எட்ட வேண்டும். அவை எந்த அளவில் எட்டின, எந்த அளவில் எட்டாமற்போயின என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளாகும்.

நம்மவர் கண்ட கருதல் அளவை

தருக்கம் என்றவுடன் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலை நினைப்பது இன்றைய கல்வியின் பழக்கம். அது தவறன்று, ஆயினும் நம் நூல்களிலும் இக்கலை நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்துள்ளது. தொல்காப்பியத்தின் மரபியல் நூலுக்குரிய 32 உத்திகளைக் கூறுமிடத்து, உய்த்துக்கொண்டுணர்தலையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. பவணந்தியார் நன்னூலில் உத்திகளை எண்ணி வருங்கால், உய்த்துணர வைப்பு என்பதை இறுதியில் நிறுத்துகிறார். நூலாசிரியன் எல்லாவற்றையும் விரித்துரைக்க வேண்டுவதில்லை; கூறியதைக் கொண்டு கூறாததைக் கற்பவன் உணரும்படி அமைத்தலே போதும் என்பது கருத்து.

இதனினும் விரிவாகத் தருக்கத்தைப் பேசுவது மணிமேகலை. வஞ்சி மாநகரில் பல சமயத்தாரும் தத்தம் கொள்கைகளை மணிமேகலைக்கு எடுத்துரைக்கும் பகுதியில், அளவை பத்து என்று எண்ணப்படுகின்றன. அவற்றுள் கருதல் அளவை மூவகைப்படும்: பொது, எச்சம், முதல். காட்டில் யானையின் ஒலி கேட்டு அங்கு யானை உண்டு என்று அறிவது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேற்பகுதியில் மழை பெய்தது என்று அறிவது எச்சம். கருமுகில் கண்டு மழை பெய்யும் என்று அறிவது முதல். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, இன்று மரம் வெட்டுண்டா இல்லையா என்று முடிவு செய்த தோட்டத்து மக்கள் இம்மூன்றாம் வகையை நாள்தோறும் கையாண்டவர்களே.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பகுதி இன்னும் நுட்பமானது. அவர் அளவைகளைக் காண்டல், கருதல் என இரண்டாகச் சுருக்குகிறார். நாட்ட விரும்பும் பொருளைக் கூறுவது பக்கம். அதற்குக் காரணம் காட்டுவது ஏது. இரண்டும் இணைந்திருக்கக் கண்ட இடத்தைச் சுட்டுவது எடுத்துக்காட்டு. மலையில் புகை எழுவதைக் கண்டு அங்கு நெருப்புண்டு என்று கூறி, அதற்கு அடுக்களையைச் சான்று காட்டுவது யாவரும் அறிந்த பழைய எடுத்துக்காட்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் மலையைத் தேட வேண்டியதில்லை. ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைவீடே போதும்.

அறவண அடிகள் அத்துடன் நிற்கவில்லை. பார்வைக்குச் சரியாகத் தோன்றி உண்மையில் பிழைபடும் வாதங்களைப் போலி என்று பெயரிட்டு வகைப்படுத்துகிறார். பக்கம் பிழைபடலாம், ஏது பிழைபடலாம், எடுத்துக்காட்டும் பிழைபடலாம். முடிவைக் கேட்டு மயங்காதே, அது நின்ற காலைப் பார் என்பது இப்பகுதி நமக்குத் தரும் படிப்பினை. இதனைப் பின்னர் வரும் கணக்குகளுக்கு உரைகல்லாக வைத்துக்கொள்வோம்.

உறுதியும் ஊகமும்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்ததால் மேற்பகுதியில் மழை பெய்தது என்பது பெரும்பாலும் மெய்யாகும். ஆனால் எப்போதும் மெய்யாக வேண்டும் என்பதில்லை. அணை உடைந்தாலும் வெள்ளம் வரும். ‘ஒரு நாள் கூலி இவ்வளவு, வேலை செய்த நாள் இத்தனை, ஆகவே கூலி இவ்வளவு’ என்பது அத்தகையதன்று. முதல் இரண்டும் மெய்யானால் மூன்றாவது பொய்யாக இயலாது. இதனையே இன்றைய தருக்க நூலார் உய்த்துணர்வு என்று கண்டிப்பாக வரையறுக்கின்றனர். தனி நிகழ்ச்சிகள் பலவற்றைத் தொகுத்துப் பொதுவிதி காண்பது தொகுத்துணர்வு. 1620-இல் பிரான்சிஸ் பேக்கன் வெளியிட்ட நூல் இம்முறைக்குப் பெருஞ்சிறப்புத் தந்தது.

1887-இல் வெளிவந்த கோனன் டாயிலின் கதையில் தோன்றிய ஷெர்லாக் ஹோம்ஸ், காலணியின் சேற்றையும் கையின் காய்ப்பையும் கண்டு ஒருவருடைய தொழிலையும் ஊரையும் கூறிவிடுவார். அவரும் தம் கலையை ‘டிடக்ஷன்’ என்றே அழைத்தார். உண்மையில் அது கண்ட அடையாளங்களுக்குப் பொருத்தமான காரணத்தை ஊகிக்கும் கலை. அமெரிக்க அறிஞர் சார்லஸ் பியர்ஸ் இதற்குத் தனிப்பெயர் தந்து பிரித்துக் காட்டினார். வெள்ளம் கண்டு மழையை அறிவதும் ஏறத்தாழ இவ்வகையினதே. துப்பறியும் கதைக்கு ஊகம் அழகு. சம்பளக் கணக்குக்கு ஊகம் ஆகாது.

கழித்தலே அறிவாகும் இடமும் உண்டு. மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் மீட்சி என்பது ஒன்று. இராமன் வென்றான் என்று கேட்டவுடன் இராவணன் தோற்றான் என்று அறிவது இதற்குக் காட்டப்படும் சான்று. இருக்கக்கூடியவற்றுள் ஒன்றை ஒழித்து, எஞ்சியதை உண்மை எனக் கொள்வது இதன் இயல்பு. பிடித்தமும் உய்த்துணர்வும் தமிழில் தனித்தனிச் சொற்களே என்றாலும், ஒழித்து அறிதல் என்னும் இந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

மலாக்காவின் கணக்கர்கள்

தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலாக்காவில் தமிழர் கணக்கெழுதியவர்கள். சுல்தான்களின் காலத்தில் இத்துறைமுகத்தின் வணிகத்தில் அவர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபின், அவர்தம் ஏடுகளில் ‘நினா சாத்து’ என்று குறிக்கப்படும் வணிகர் பெண்டஹாரா பதவியில் அமர்த்தப்பட்டார். அவ்வணிகர் மரபின் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகள், ஒல்லாந்தர் ஆட்சியில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது.

மலாய் இலக்கியத்தின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா இந்நகரில் 1796-இல் பிறந்தவர். அராபியக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடும்பத்தினர். 1849-இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், இளமையில் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்குக்காகத் தமிழ் கற்பது வழிவழி வந்த வழக்கம் என்றும், தமிழ் வணிகர் ஊரில் நிறைந்திருந்தனர் என்றும் அவர் காரணம் கூறுகிறார். அக்காலத் தமிழ்க் கணக்கு எளியதன்று. மாவும் காணியும் முந்திரியும் அதன் பின்னங்கள். ஒன்றை 320 கூறாக்கி, அவற்றுள் ஒரு கூற்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்த மரபு அது. அத்துணைச் சிறிய பங்கும் கணக்கிலிருந்து தவறிப் போகலாகாது என்னும் கவலை அதில் தெரிகிறது.

இம்மரபை நினைவிற் கொண்டால்தான் பிற்காலத்து மாற்றத்தின் கொடுமை விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டு வரை மலாக்காவில் தமிழன் கணக்கை எழுதியவன். இருபதாம் நூற்றாண்டில் தோட்டப்புறத்துத் தமிழன் பிறர் எழுதிய கணக்கில் ஒரு வரியானான்.

உரிமையை நிறுவும் வாதம்

‘டிடக்ஷன்’ என்னும் சொல்லுக்கு ஐரோப்பாவில் மற்றொரு பொருளும் இருந்தது. ஒரு நிலமோ வரியோ பட்டமோ தனக்கு உரியது என்று ஒருவர் சட்டப்படி நிறுவ எழுதும் வாதத்தையும் செருமானிய வழக்கறிஞர் அப்பெயரால் அழைத்தனர். பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்த அதே 1781-இல் தம் பெருநூலை வெளியிட்ட இம்மானுவேல் காண்ட், இப்பொருளையே தத்துவத்திற்கு எடுத்துக்கொண்டார். ஒன்று கையில் இருக்கிறது என்பது வேறு. அதனை வைத்திருக்க உரிமை உண்டு என்பது வேறு. பின்னதை நிறுவுவதே அவர் கருதிய ‘டிடக்ஷன்’.

இப்பொருளும் மலாக்கா மண்ணில் சோதிக்கப்பட்டது. அலோர் காஜாவைச் சூழ்ந்த நானிங் பகுதி, 1641-இல் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் விளைவில் பத்தில் ஒரு பங்கு தர இசைந்தது. நடைமுறையில் அப்பங்கு முழுமையாகத் தண்டப்படவில்லை. 1765-இல் அது ஆண்டுக்கு 400 கந்தாங் அளவுள்ள அடையாளக் காணிக்கையாகக் குறைக்கப்பட்டது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு நிலையாக வந்தது. கம்பெனி அதிகாரிகள் பழைய ஏட்டைப் புரட்டி ஒரு வாதம் அமைத்தனர். ஒல்லாந்தர் உரிமையெல்லாம் நமக்கு உரியது. நானிங்கில் பத்தில் ஒன்று ஒல்லாந்தர் உரிமை. ஆகவே அது நமக்கு உரியது.

வாதத்தின் வடிவில் குறையில்லை. இரண்டாம் கூற்றில்தான் குறை. ஏட்டில் இருந்த உரிமை வழக்கில் இல்லாமற்போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. பெங்ஹுலு டோல் சாயிட் மறுத்தார். 1831-இல் அனுப்பப்பட்ட சிறுபடை தோற்றுத் திரும்பியது; அதில் இருந்த சிப்பாய்கள் சென்னை மாகாணப் படையினர். மறு ஆண்டு பெரும்படை சென்று நானிங்கை அடக்கியது. அதற்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பவுன் செலவாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். ஒரு சிற்றூர்ப் பகுதியின் நெல்லில் பத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள இத்துணைச் செலவு! சரியான வடிவமும் பிழையான கூற்றும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுமோ?

தோட்டமும் கடனும்

1896-இல் தான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவில் வணிக முறையில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன்பின் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. மரவள்ளி விளைந்த நிலங்கள் ரப்பர்க் காடுகளாயின. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன. இரண்டாண்டு கழித்து, 1898-இல், சென்னையில் உ.வே.சாமிநாதையர் மணிமேகலையை அச்சிற் கொணர்ந்தார். அறவண அடிகளின் தருக்கம் ஏட்டிலிருந்து வெளிவந்த அதே காலத்தில், அத்தருக்கம் மிகுதியும் தேவைப்படவிருந்த மக்கள் கப்பலேறிக்கொண்டிருந்தனர்.

அவர்களுள் பலர் கடனோடு வந்தனர். ஒப்பந்தக் கூலி முறையில் பயணச் செலவு முன்பணமாகக் கருதப்பட்டுக் கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. கப்பல் கட்டணம் எவ்வளவு, இடைத்தரகன் எடுத்துக்கொண்டது எவ்வளவு, இன்னும் எஞ்சியது எவ்வளவு என்பன கணக்கேட்டில் இருந்தன. ஏட்டைப் படிக்கத் தொழிலாளிக்குத் தெரியாது. முடிவு மட்டும் அவர் கையில் விழுந்தது. 1907-இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி இந்நிலையை ஓரளவு மாற்றியது. முதலாளிகள் செலுத்திய வரியால் பயணச் செலவு ஈடுசெய்யப்பட்டது. அந்நிதியின் உதவியால் வந்தவர் சட்டப்படி கடனின்றிக் கரையிறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகவும் உரிமை பெற்றார். 1910-இல் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் அமர்த்தும் முறை நிறுத்தப்பட்டது.

சட்டம் கடனை நீக்கினாலும் வாழ்க்கை அதனை மீண்டும் கொணர்ந்தது. ஊரில் கங்காணியிடம் பெற்ற முன்பணம், கடையில் எழுதிய பற்று, திருமணத்திற்கும் சாவுக்கும் வாங்கிய கைமாற்று எனப் பற்றுகள் பெருகின. பற்று என்பதும் பிடி என்பதும் தமிழில் ஒரே கருத்தின. பேரேட்டில் பற்றுப் பக்கம் பெருகப் பெருக, ஆளைப் பிடித்துவைக்கும் கையும் இறுகியது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை கங்காணி வழியே ஆள் சேர்ப்பது நடந்துவந்தது.

பால் நிறுக்கும் இடத்தில் ஒரு தருக்கம்

பிடித்தம் சம்பள நாளில் மட்டும் நடப்பதன்று. பால் நிறுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடும். மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்த பாலைத் தொழிலாளர் சுமந்து வருகிறார். பாலில் பெரும்பகுதி நீர்; உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கூலி உலர்ந்த ரப்பரின் எடையைச் சார்ந்திருக்கும்போது, நீரின் எடையைக் கழித்தாக வேண்டும். இக்கழிவு நேர்மையானதே. ஆனால் நீர் எவ்வளவு என்பதைக் கண்ணால் காண இயலாது. கருதியே அறிய வேண்டும்.

அதற்கெனக் கண்ட கருவி மெட்ரோலாக். பாலில் மிதக்க விடும் கண்ணாடி அளவுகோல் அது. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும், நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்கும். அமிழ்ந்த ஆழம் ஏது. ரப்பரின் விழுக்காடு முடிவு. புகை கண்டு நெருப்பை அறிவது போன்றதே இதுவும். ஆனால் புகையிலும் போலி உண்டு. பனியைப் புகையென மயங்குவார் உண்டு. பாலில் கரைந்துள்ள பிற பொருள்கள், வெப்பநிலை, சேர்த்த மருந்து ஆகியன அளவைப் பிறழச் செய்யும். ஆகவே சிறிது பாலை எடுத்து உறையவைத்து, உலர்த்தி நிறுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 இராத்தல் பாலுக்கு 33 விழுக்காடு என்று குறித்தால் உலர்ந்த ரப்பர் 13.2 இராத்தல். 30 விழுக்காடு என்று குறித்தால் 12 இராத்தல். மூன்று விழுக்காட்டு வேறுபாட்டில் ஒருவருக்கு ஒரு நாளில் 1.2 இராத்தல் குறைந்துவிடும். 25 நாளில் அது 30 இராத்தலாகும். பெருக்கல் எங்கும் தவறவில்லை, கழித்தலும் தவறவில்லை. பெருக்குவதற்கு முன் குறித்த ஓர் எண் தவறினால், கணக்கு முழுவதும் பிழையின்றியே பிழைபட்டுவிடும். அந்த எண்ணைப் பார்க்கவும் கேட்கவும் மறுசோதனை வேண்டவும் உரிமை இல்லாதவருக்குத் தருக்க அறிவு இருந்தும் பயனில்லை.

தருக்க அறிவுதான் எளிதில் கிடைத்ததா? தொடக்கக் காலத் தோட்டப் பள்ளிகளில் எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்ததுண்டு. பல வகுப்புகள் ஓரறையில் ஓராசிரியரிடம் பயின்றன. இருந்தும் அப்பள்ளிகளில் கற்ற கூட்டலும் கழித்தலும் வீண்போகவில்லை. கூலிக் கணக்கைப் படித்துச் சொல்லும்படி தாய் தன் பிள்ளையிடம் கொடுக்கும் நாள் வந்தபோது, கிராணியாரின் முடிவு முதன்முறையாக வீட்டுத் திண்ணையில் சோதிக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளி மொழியைக் காத்தது என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அது கூலியையும் காத்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘மட்டுமே’ என்னும் சொல்

போருக்குப் பின் நிலை மாறத் தொடங்கியது. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளர் பங்கு 5 விழுக்காடு, முதலாளி பங்கு 5 விழுக்காடு. பிடித்தம் என்றாலே இழப்பு என்று பழகிய மக்களுக்கு, பிடிக்கப்பட்ட வெள்ளிக்கு இணையாக மற்றொரு வெள்ளி சேரும் என்பது புதுமை. 1954-இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் பல ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின, பி.பி.நாராயணன் அதன் தலைமைச் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். கூலி விகிதம் கூட்டுப் பேச்சில் முடிவு செய்யப்பட்டு எழுத்தில் வந்தபோது, தருக்கத்தின் முதற்கூற்று வெளிச்சத்துக்கு வந்தது.

1955-இல் இயற்றப்பட்டு 1957 சூன் முதல் நாள் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம் நம் ஆய்வுக்கு மிக முக்கியமானது. அதன் 24-ஆம் பிரிவு பிடித்தங்களைப் பற்றியது. தவறுதலாக மிகுதியாகக் கொடுத்த சம்பளம், வட்டியில்லாத முன்பணம், பிற சட்டங்கள் ஆணையிடும் தொகை ஆகியவற்றைப் பிடிக்கலாம். சங்கச் சந்தா போன்றவற்றைத் தொழிலாளர் எழுத்தில் வேண்டினால் பிடிக்கலாம். வேறு சிலவற்றிற்குத் தொழிலாளர் துறைத் தலைமை அதிகாரியின் இசைவு வேண்டும். சில விலக்குகள் நீங்கலாக, ஒரு மாதத்துப் பிடித்தம் அனைத்தும் சேர்ந்து அம்மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது.

இப்பட்டியலினும் பெரியது அதற்கு முன் நிற்கும் விதி: இச்சட்டத்திற்கு இணங்க அன்றி வேறு எப்பிடித்தமும் செய்யலாகாது. ‘பட்டியலில் உள்ளவற்றைப் பிடிக்கலாம்’ என்று மட்டும் சட்டம் கூறியிருந்தால், பட்டியலில் இல்லாததைப் பிடிக்கக் கூடாது என்று உய்த்துணர முடியாது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதால், புகை இல்லாத இடத்தில் நெருப்பு இல்லை என்றாகிவிடாது. பழுத்த தணலில் புகை இல்லை, நெருப்பு உண்டு. ‘பட்டியலில் உள்ளவற்றையே பிடிக்கலாம்’ என்னும்போதுதான் முடிவு பிறக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் ஏகாரத்தின் பொருள்களுள் பிரிநிலை என்று ஒன்றைக் கூறும். மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுத்தும் அந்த ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் அரிசி இருக்கிறது.

இனித் தொழிலாளர் வாதம் எளிதாயிற்று. சட்டம் இசைந்த பிடித்தமே செல்லும். உடைந்த வாளிக்காக என் சம்பளத்தில் பிடித்ததற்குச் சட்டத்தின் இசைவு இல்லை. ஆகவே அது செல்லாது. அறவண அடிகள் கேட்டிருந்தாலும் இதில் போலி காண மாட்டார். ஈட்டிய தொகையையும் பிடித்த தொகையையும் விவரமாகத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. முன்பு கையில் விழுந்தது முடிவு மட்டும். இப்போது கூற்றுகளும் அதனுடன் வந்தன. இங்கே ‘டிடக்ஷன்’ என்னும் சொல்லின் மூன்று பொருள்களும் ஒருங்கே நிற்கின்றன: கழிப்பது, அதனை உய்த்துணர்வது, கழிக்கும் உரிமையை நிறுவுவது. கழிக்க விரும்புபவரே உரிமையை நிறுவ வேண்டும் என்பது நானிங் மக்களுக்குக் கிடைக்காத நீதி.

இன்றைய கடமை

இன்று மலாக்காவின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போயின. லயத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்து பெரண்டாம், ஆயர் குரோ வட்டாரத் தொழிற்சாலைகளிலும் நகரக் கடைகளிலும் வேலை செய்கின்றனர். தீபகற்பத்தில் 2013-இல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-இல் 1,700 ரிங்கிட்டாயிற்று. சேமநிதிக்குத் தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு. அதன்படி 1,700 ரிங்கிட்டில் பிடிக்க வேண்டியது 187 ரிங்கிட். சம்பளச் சீட்டில் இதனைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். பிடித்தது சேமநிதியில் உண்மையாகவே செலுத்தப்பட்டதா என்பது இரண்டாம் கேள்வி. சேமநிதிக் கணக்கைப் பாராமல் சம்பளச் சீட்டை மட்டும் பார்ப்பவர் பாதித் தருக்கத்தோடு நின்றுவிடுகிறார்.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. நம் முன்னோர் நின்ற நிரைகளில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கின்றனர். கடன்பட்டுக் கடல் கடந்தவர் அவர்களுள்ளும் பலர். தாம் அறியாத மொழியில் எழுதிய கணக்கைப் பார்த்து அவர்கள் திகைக்கும்போது, அத்திகைப்பு நமக்குப் புதியதாக இருக்கலாகாது. சீட்டைப் படித்துக் காட்டும் ஒரு தமிழ் மேற்பார்வையாளரோ எழுத்தரோ அங்கு இருப்பாரானால், அவர் நம் வரலாற்றுக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்துபவர் ஆவார்.

தருக்கம் கற்றோர் அவையில் வாதிடுவதற்கு மட்டும் உரிய கலையன்று. முடிவை நம் கையில் தருபவரிடம், அது எதிலிருந்து வந்தது என்று கேட்கும் துணிவும், கேட்டுத் தெரிந்தபின் அதனைப் படிப்படியாகச் சோதிக்கும் பொறுமையும் சேர்ந்ததே அது. அத்துணிவை நம் பள்ளிகள் கணக்குப் பாடத்தோடும் மணிமேகலைப் பாடத்தோடும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு பழைய சம்பளச் சீட்டும் ஒரு கரும்பலகையும் இருந்தால் போதும்.